எங்கே எடுத்தது என்று சொல்லக் கூடாது

எனக்கும் ஓவியத்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகளை மைதானத்தில் ஒரு வரிசையில் நிறுத்த நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இந்த வருஷம் புதிதாக வந்த டிராயிங் மிஸ்ஸோ, படம் வரைய வேண்டியவர்களை வகுப்பில் உட்கார வைக்காமல் வெளியே அவிழ்த்து விட்டுவிடுவார். மரத்தடியில் நாலு பேர், மாடிப்படியில் நாலு பேர், எல்லார் கையிலும் காகிதம். கேட்டால், பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பார். கண் இருந்தால் பார்க்கப் போகிறார்கள், இதற்குத் தனியாக ஒரு பீரியடா என்று ஆசிரியர் அறையில் நான் கிண்டலடிக்காத நாள் கிடையாது.

என் மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எல்லாரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவோம். நடந்தால் சத்தம் வராது. கூப்பிட்டால் பதில் வராது, பக்கத்தில் வந்து நிற்பாள். ஊரைக் கூட்டுகிற தொண்டை எனக்கு. உங்களுக்குப் போய் இப்படி ஒரு பிள்ளையா என்று என் மனைவி கேலி செய்வாள். நான் ஒன்றைப் பத்துத் தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத பூனைக்கு, டிராயிங் மிஸ் ஒரு தடவை சொன்னால் வேதவாக்கு. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மிஸ் சொல்லிக்கொடுத்தது தேய்ப்புப் படம். நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான், கொஞ்சம் பெரிய அளவில். கிரேயானைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, துண்டாக ஒடித்து, படுக்கப் போட்டுத் தேய்க்க வேண்டும். மெல்லிய தாளாக இருக்க வேண்டும், இன்னொரு கை அதை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவர், மரப்பட்டை, செருப்பின் அடிப்பக்கம் எல்லாம் தாளில் எழுந்து வரும். அதை ஒரு விளையாட்டாக்கியிருந்தார் மிஸ். ஒவ்வொருவரும் வேறு யாரும் எடுக்காத ஒரு சொரசொரப்பை எடுத்து வர வேண்டும். எங்கே எடுத்தது என்று சொல்லக் கூடாது, மற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயிரே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நான் மைதானத்தில் ஐந்தாம் வகுப்பை ஓட விட்டுக்கொண்டிருந்தபோது மிஸ் ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. பூனை என்னிடம் வந்தாளா என்று கேட்டார். அவள் எங்கே என்னிடம் வரப் போகிறாள், உங்கள் பின்னால்தான் நிற்பாள், திரும்பிப் பாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

"முதல்ல ஒண்ணு எடுத்துட்டு வந்தா சார். ரொம்ப மங்கலா இருந்துச்சு. நல்லா அழுத்தித் தேய்க்கணும், அதே இடத்துக்குப் போய் இன்னொண்ணு எடுத்துட்டு வான்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். இன்னும் வரல."

எங்கே எடுத்தாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியக் கூடாது என்பதுதானே விளையாட்டு. கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினார். சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. எனக்கு அது அழுக்கு மாதிரி இருந்தது. ஏதோ இரும்புத் தகடு, தண்ணீர்த் தொட்டி மூடி மாதிரி இருக்கிறது என்றார் மிஸ்.

பள்ளிக்குப் பின்பக்கம் தரைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அன்றைக்கு மோட்டார் பழுது என்று ஒருவர் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தார். தலைமையாசிரியையும் வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனபோது மூடி பாதி விலகிக் கிடந்தது. அதன் ஓரத்தில், உரித்து ஒடித்த ஒரு கறுப்புக் கிரேயான் துண்டு.

நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே இறங்கிவிட்டேன்.

தண்ணீர் கழுத்து வரை இருந்தது. மேலே ஒரு சதுர வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு காலால் தரையைத் துழாவினேன். கால் எதிலாவது பட்டாலும் செத்தேன், படாவிட்டாலும் செத்தேன். பல் கிட்டிக்கொண்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நீச்சலில் பயம் போக்கியவன் நான். பயப்படாதே என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு மூலையில் மெத்தென்று ஏதோ காலில் தட்டியது. முங்கி எடுத்தேன். பழைய சாக்கு. அதை மார்போடு பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் மேலே நின்ற தலைமையாசிரியை அழ ஆரம்பித்துவிட்டார்.

தொட்டிக்கு நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் போக அடியில் ஒரு துவாரம், ஒரு ஆள் நுழையலாம். இந்தப் பக்கம் முழுக்கத் துழாவியாகிவிட்டது. இனி அந்தப் பக்கம்தான். அந்த நேரம் பார்த்து மேலே என் போன் அடித்தது. நான் இறங்கும்போது அதை விளிம்பில் வீசியிருந்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, வீட்டிலிருந்து என்றார். இந்த நேரத்துக்கு என் மனைவி தினமும் கூப்பிடுவாள், பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்க. எடுக்காதீங்க என்றேன். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

நான் மூச்சை இழுத்து முங்கப் போகும்போது மிஸ்ஸின் குரல் கேட்டது.

"சார், மேல வாங்க. இது அந்த மூடி இல்ல."

அவர் வகுப்புக்கு ஓடிப் போய் மற்ற பிள்ளைகள் எடுத்த தாள்களைக் கொட்டிப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்று தொட்டி மூடி. அதை எடுத்தது ரெட்டைச்சடை என்கிற ஒரு பெண். திட்டு விழுமென்று வாயைத் திறக்காமல் இருந்தவளை அதட்டிக் கேட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டாள். கிரேயான் துண்டும் அவளுடையதுதான். மிஸ் தொட்டி வாயில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு தாள்களையும் எனக்குக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"மூடியில கோடு மூணு மூணாச் சேர்ந்து இருக்கு, பாருங்க. பூனையோடதுல அரிசி மாதிரி ஒத்தை ஒத்தையா இருக்கு. ஓரத்துல ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு கீறல். அது ஸ்க்ரூ தலை சார். இந்த மூடியில ஸ்க்ரூவே கிடையாது."

தலைமையாசிரியை அவரை அதட்டினார். கொஞ்ச நேரம் முன்னால் தொட்டி மூடி என்று சொன்னதே நீங்கள்தானே, இப்போது குழப்பாதீர்கள், தீயணைப்பு வண்டி வருகிறது, அதுவரை சார் தேடட்டும் என்றார். அதுவும் நியாயம்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் இன்னும் பார்க்கவில்லை. என் பிள்ளை அங்கே இருந்து, நான் மேலே ஏறிப் போனால்? இல்லாத இடத்தில் நான் தேடிக்கொண்டிருக்க, அவள் வேறெங்கோ இருந்தால்? நிச்சயமா என்று கேட்டேன்.

"பயமா இருக்கு சார்," என்றார் மிஸ். "ஆனா இது இந்த மூடி இல்ல."

நிச்சயம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கையை நீட்டினேன். வாட்ச்மேன் தூக்கிவிட்டார்.

இந்தத் தகடு வேறு எங்கே இருக்கிறது என்று மிஸ் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழுக்காமலிருக்கப் போடும் தகடு, ஸ்க்ரூ வைத்து முடுக்கியது. வாட்ச்மேன்தான் தலையைச் சொறிந்துகொண்டு, காலையில் பெஞ்சு கொண்டு வந்த வேனில் தரை அப்படித்தான் இருக்கும் என்றார். மூடின வேன். ஆட்கள் பெஞ்சுகளை மாடிக்குத் தூக்கிப் போயிருந்தபோது அது பின்கதவு திறந்தபடி நின்றிருக்கிறது. வேறொரு பள்ளிக்குப் போக வேண்டிய பெஞ்சுகள் உள்ளேயே அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பூனை உட்கார்ந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

வேன் அப்போதே கிளம்பிப் போயிருந்தது, பெஞ்சு அனுப்பிய கடைக்குப் போன் செய்தோம். டிரைவர் வண்டியைக் கிடங்குக்கு வெளியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மூடின இரும்பு வண்டி. நான் பைக்கை உதைத்தேன், மிஸ் பின்னால் ஏறிக்கொண்டார். தொட்டியின் அந்தப் பாதி என் கண்ணை விட்டுப் போகவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன், திரும்பு, திரும்பு என்று மனசு அடித்துக்கொண்டது.

கிடங்கின் முன்னால் நிழலே இல்லாத பொட்டலில் வேன் நின்றது. பின்கதவில் பூட்டு. நான் உள்ளங்கையால் பக்கத் தகட்டில் அறைந்தேன், கை சுட்டது. பூனை, அப்பா வந்திருக்கேன் என்று கத்தினேன். என் தொண்டைக்கு எதிர்த் தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே சத்தமில்லை. மறுபடியும் அறைந்தேன், காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. அவ்வளவுதான், என் உயிர் போய்விட்டது. இங்கே இல்லை, தொட்டியில்தான் இருக்கிறாள் என்று பைக்கைப் பார்த்து ஓடினேன்.

மிஸ் என் பின்னால் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பூட்டை இடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை இழுத்துத் தள்ளத்தான் திரும்பி வந்தேன். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவர் விரல்கள் நசுங்குவதைப் பார்த்ததும் கல்லைப் பிடுங்கி நானே அடித்தேன். கொக்கி பெயர்ந்தது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பெஞ்சுகளுக்குப் பின்னால், மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ரத்தமாகச் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அசையவில்லை. எனக்கு உள்ளே ஏறக் கால் வரவில்லை. மிஸ்தான் ஏறிப் போய் அவள் மூக்கில் விரலை வைத்தார். பிறகு வாரி எடுத்து என் கையில் கொடுத்தார்.

நிழலில் கிடத்தித் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து விழுங்கினாள். நான் கூப்பிட்டது கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்று தலையை ஆட்டினாள்.

"அப்புறம் ஏண்டா தங்கம் பதில் சொல்லல?"

பூனை என்னைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்த்தாள்.

"நீங்கதான் கண்டுபிடிக்கணும். டிரைவர் மாமா கதவைச் சாத்தினப்பகூட நான் வாயைத் திறக்கல மிஸ்."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை. மிஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டுவதற்கு வண்டி வண்டியாக வைத்திருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க மிஸ் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவி இரவு முழுக்கப் பிள்ளையின் கையை விடவில்லை. நானும் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த இரும்புத் தகட்டில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளே சத்தமில்லை. இத்தனை அருகில் இருந்துகொண்டு, என் குரலைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறாள்.

சில நாள் கழித்துப் பூனை பள்ளிக்கு வந்தாள். அன்று மூன்றாம் வகுப்புக்கு என் பீரியட். பந்து எதையும் எடுக்கவில்லை. எல்லாரையும் மைதானத்தில் தள்ளித் தள்ளி நிறுத்தி, நான் இங்க இருக்கேன் என்று கத்தச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தொண்டை கிழியக் கத்தினார்கள். தலைமையாசிரியை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். விரல்களில் கட்டுப் போட்டுக்கொண்டு டிராயிங் மிஸ் வராந்தாப் படியில் நின்றிருந்தார். வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார் என்று கேள்வி.

அத்தனை சத்தத்தில் என் மகளின் குரல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்களை நிறுத்திவிட்டு அவளைத் தனியாகக் கத்தச் சொன்னேன். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடியும் சொன்னேன். கெஞ்சினேன். எல்லாரும் பார்க்க, ஒரு விளையாட்டு வாத்தியார் எட்டு வயதுப் பிள்ளையிடம் கெஞ்சினேன். அவள் என்னைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தாள். நான் மிஸ் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க மிஸ் என்றேன். அவரிடம் அதுவரை நான் எதையுமே கேட்டதில்லை.

அவர் படியிறங்கி வந்து அவள் உயரத்துக்கு மண்டியிட்டார்.

"நான் சொன்னது தப்பு பூனை. எங்க இருக்கேன்னு சொல்லணும். யார் வேணாம்னு சொன்னாலும் சொல்லணும். நான் சொன்னாலும் கேக்கக் கூடாது."

பூனை கொஞ்சம் யோசித்தாள். பிறகு மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். மெல்லிய குரல்தான், பாதியில் உடைந்துவிட்டது. இன்னும் சத்தமா என்றேன். கத்தினாள். இன்னும் என்றேன். கண்ணீர் என் கண்ணை மறைத்தது, மைதானமே தெரியவில்லை. அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.