காளிதாசன் அலுமினியம் வாங்கிய காரணம்

அந்த மாதம் குருண் பக்கம் சைக்கிள் ஓட்டுகிற நம்ம ஆட்கள் யாரும் காளிதாசனிடம் சைக்கிளின் உடற்சட்டமான பிரேமைப் பற்றி வாய் கொடுக்கவே பயந்தார்கள். கொடுத்தால் கையிலிருக்கிற தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டிவிடும், அவன் பேச்சு மட்டும் முடியாது. "கார்பன் பார்க்கத்தான் பவுசு லா. ஒரு இடத்துல அழுத்தம் பட்டா உள்ளுக்குள்ளயே உடைஞ்சிடும், வெளியில ஒன்னும் தெரியாது. அலுமினியம் அப்படியில்ல. நசுங்கினா நசுங்கினதைக் காட்டிடும்." சொல்லிவிட்டு, தான் புதிதாக வாங்கிய அலுமினிய சைக்கிளைப் பெற்ற பிள்ளையைப் போலத் தட்டிக்கொடுப்பான். இவ்வளவு விவரம் இவனுக்கு எங்கே கிடைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பான்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் கார்பன், கார்பன் என்று உயிரை விட்டவனே அவன்தான். ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு, கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது. முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும், செம்பனைக் காட்டு மேட்டில் இளசுகளுக்குச் சமமாக ஏற வேண்டும் என்று ஆசை. கார்பன் என்றால் லேசு, அலுமினியம் என்றால் கொஞ்சம் கனம். இதை வைத்துக்கொண்டு வீட்டில் உமாராணியின் காதைத் தின்றான். "எதையாவது வாங்கித் தொலைங்க, சோறாவது நிம்மதியா சாப்பிடலாம்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

லோகேஸ்வரன்தான் வழி சொன்னான். தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது அலோர் ஸ்டாரில் அரசாங்க வேலை, மெர்கோங்கில் வீடு. அவனிடம் கறுப்பு கார்பன் சைக்கிள் ஒன்று இருந்தது. அதைத் துடைக்கத் தனித் துணி, நிறுத்தத் தனி இடம். "தொப்பையைக் குறைச்சா அதைவிட வெயிட்டு குறையும் மச்சான்" என்று முதலில் கேலி செய்தான். பிறகு, "கடைக்காரன் பேச்சைக் கேக்காத. என்னோடதை எடுத்துட்டுப் போ. ஒரு வாரம் ஓட்டிப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்றான். அவன் மனைவி பிரேமாவதி வாயில் கை வைத்துக்கொண்டாள். பெற்ற மகள் மேனகாவையே கெஞ்ச வைத்துத்தான் அந்த சைக்கிளைத் தொட விடுவானாம்.

ஓட்டினான் காளிதாசன். அடடா, என்ன சுகம்! மேடு மேடாகவே தெரியவில்லை. கார்பன்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டான்.

திருப்பிக் கொடுக்கப் போன அன்றுதான் வந்தது வினை. மைவி காரின் பின்னால் மாட்டுகிற கம்பியில் சைக்கிளைத் தூக்கி வைத்து, இழுத்து முறுக்குகிற பெல்ட்டால் கட்டினான். அவன் அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியில் வேலை செய்தவர். எதைக் கட்டினாலும் அது முனகுகிற வரைக்கும் கட்ட வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். பாதி வழியில் சைக்கிள் ஆடுவது கண்ணாடியில் தெரிந்தது. ஓரமாக நிறுத்தி, பிரேமின் மேல் குழாயைச் சுற்றி ஓடிய பெல்ட்டை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினான். 'க்ரிக்' என்றது. பிஸ்கட் உடைகிற மாதிரி சின்னச் சத்தம்தான்.

பெல்ட்டை அவிழ்த்துப் பார்த்தான். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை, பெயிண்ட் பளபளவென்று சிரித்தது. கட்டை விரலால் அழுத்தினான். லேசாக உள்ளே போகிறதா, இல்லை வீண் பிரமையா? பிரமை என்று வைத்துக்கொண்டான். ஆனால் மறுபடி கட்டும்போது பெல்ட்டைத் தளர்த்தி, நடுவில் துணி மடித்து வைத்தான். பிரமைக்கு எதற்குத் துணி?

மெர்கோங்கில் லோகேஸ்வரன், "என்ன மச்சான், கார்பன்தானே?" என்று வாயெல்லாம் பல்லாக வந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் காளிதாசன் வாயைத் திறந்தான். "இல்லடா, என் உடம்புக்கு அலுமினியம்தான் சரி" என்று வந்தது. பிரேமாவதி தோசை ஊற்றினாள். வெட்கங்கெட்டவன், உட்கார்ந்து சாப்பிட்டான். மறுவாரமே அலுமினியம் வாங்கினான். அதன் பிறகு தொடங்கியதுதான் அந்தப் பிரசங்கமெல்லாம். பேசப் பேசத் தான் வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று அவனே பாதி நம்பிவிட்டான்.

அப்போதுதான் லோகேஸ்வரன் போனில் ஒரு படம் அனுப்பினான். ஹெல்மெட்டும் பல் தெரியச் சிரிப்புமாக மேனகா அந்தக் கறுப்பு சைக்கிள்மேல். 'எனக்கு முட்டி வலி. இனிமே பிள்ளைதான் ஓட்டுது. சுங்கைப் பட்டாணியில நடக்கிற சைக்கிள் போட்டிக்குப் பேர் கொடுத்தாச்சு.'

காளிதாசனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. இறக்கத்தில் வேகமாக வரும்போது மேல் குழாய் இரண்டாகப் போனால்? பதினேழு வயசுப் பிள்ளை. 'டேய், ஒரு விசயம்' என்று தட்டினான், அழித்தான். 'பிரேமை ஒரு தடவை செக் பண்ணிக்க' என்று தட்டினான், அதையும் அழித்தான். ஏன் என்று கேட்பானே! உடைத்தது கூடப் பெரிசில்லை, மறைத்து வைத்துவிட்டுத் தோசை தின்றதை எந்த மூஞ்சியோடு சொல்வது? இப்படியே நாளைக் கடத்தினான். கடைசியில் போட்டிக்கு முந்தின ஞாயிறு, இதற்கு மேல் தாங்காது என்று காரை எடுத்தான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

போய் இறங்கினால், வீட்டு முன்னால் அந்த பிரேம் சக்கரம் கழற்றிக் கிடந்தது. மேல் குழாயில் வெள்ளையாக ஒரு வெடிப்பு. பக்கத்தில் லோகேஸ்வரன் கடுகடுவென்று நின்றான்.

"வந்து பாருடா! நேத்து கழுவும்போது கை வச்சேன், பொதுக்குன்னு உள்ள போவுது. போன வாரம் மேனகா, சேத்துல விழுந்தேன், சைக்கிளுக்கு ஒன்னுமில்லன்னு சொன்னா. இப்பக் கேட்டா நான் இல்ல, நான் இல்லங்கிறா. போட்டியும் வேணாம், ஒன்னும் வேணாம்னுட்டேன்."

காளிதாசனுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்ற பெருமூச்சு. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, உடைந்ததும் தெரிந்துவிட்டது, தன்னை யாரும் கேட்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. பெரிய மனுசனாட்டம் நண்பனின் தோளில் கை போட்டான். "விடு லா. சின்னப் பிள்ளைங்க, தெரியாம செஞ்சிருக்கும்."

"சைக்கிள் போனா போவுது மச்சான். மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்றா பாரு, அதான் ஆறல." லோகேஸ்வரன் உள்ளே திரும்பிக் கத்தினான். "மேனகா! வெளிய வா. அங்கிள் உனக்காகப் பேசுறாரு. இப்பவாவது ஒத்துக்க. ஒத்துக்கிட்டா போட்டிக்கு வேற சைக்கிள் பாக்கலாம்."

மேனகா வந்து கதவோரம் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னால் பிரேமாவதி, "ஒத்துக்கம்மா, முடிஞ்சு போவட்டும்" என்றாள். பிள்ளை அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. காளிதாசன் தரையைப் பார்த்தான்.

"ஆமாம்பா. நான்தான். மன்னிச்சிருங்க" என்றாள் மேனகா. பிறகு அவன் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

அந்த தேங்க்ஸைக் கேட்டதும் காளிதாசனுக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"அவ இல்லடா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "அவ இல்ல. நான்தான். உன்கிட்ட திருப்பிக் கொடுக்க வந்தேனே, அன்னிக்கு பெல்ட்டை முறுக்கினேன். சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்சும் சொல்லல."

திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று காளிதாசன் காத்திருந்தான். ஓர் அறை விழுந்தால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது.

மேனகாதான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்டாள். "அப்ப, சின்னப் பிள்ளைங்க தெரியாம செஞ்சிருக்கும்னு சொன்னீங்களே அங்கிள், அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

பெல்ட்டுக்கு ஒரு சாக்குச் சொல்லலாம். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் பயம் என்று ஒன்றைச் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

"தெரியும்மா" என்றான்.

அவள் உள்ளே போய்விட்டாள். பிரேமாவதியும் பின்னாலேயே போனாள். காளிதாசன் அவசர அவசரமாக, "புது பிரேம் நான் வாங்கித் தந்துடறேன்டா, இதே மாதிரி, நாளைக்கே ஆர்டர் போடறேன்" என்றான்.

"பிரேமை விடு." லோகேஸ்வரன் மகள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து அவ சொன்னா. குருண் அங்கிள் ஒரு வாரம் வச்சிருந்தாருல்ல, அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கப்பான்னா. என் கூட்டாளியவா நீ சந்தேகப்படறேன்னு அவளைக் கை நீட்டி அடிச்சிட்டேன்டா. இதுவரைக்கும் நான் அவளைத் தொட்டதே இல்ல."