இரண்டு காலடி

கேசவனின் மனைவி தையல்நாயகி மஞ்சள் காமாலையில் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு முப்பத்துமூன்று வயது. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தான், ஓட்டலில் சாப்பிட்டான், குவார்ட்டர்ஸில் தூங்கினான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலேஜ் மைதானத்தில் ஆரம்பித்த ஓட்டம் அவனுக்கு ரயில்வே வேலை வாங்கிக் கொடுத்தது, இந்தியா பனியன் மாட்டிவிட்டது, நான்கு தேசம் கூட்டிப்போனது. நூறு மீட்டரில் ஒரு வெண்கலம். தொடர் ஓட்டத்தில் அவன் மூன்றாவது ஆள். அவனிடம் கட்டை கொண்டுவந்து கொடுப்பவன் பல்லாவரம் ஜாபர். எண்பத்துநாலில், ஜகார்த்தா இறுதிப் போட்டியில் கட்டை கைமாறவே இல்லை. ஜாபர் கால் தளர்ந்துவிட்டான் என்று எழுதி அணியிலிருந்து எடுத்தார்கள். கேசவன் இன்னும் நான்கு வருஷம் ஓடினான்.

தொண்ணூற்றிரண்டில் ரயில்வே அணிக்குப் பயிற்சியாளர் தேடினார்கள். இருவர் பெயரும் பட்டியலில் இருந்தன. கேசவனுக்கு ஓய்வுநாளாயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜாபர் வந்தான்.

"இன்னா மச்சான், வூடா இது? குடோன் மாதிரி கீது."

"உட்காரு."

"உக்கார வர்ல. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் ஸ்ரீநிவாசராகவன் சாரு உனக்குத்தான் போஸ்டுன்றாரு. பொண்டாட்டி போன பையனாம், பாவமாம். நான் ஜகார்த்தாவுல கோட்டை வுட்டவன்னு ஃபைல்ல கீதாம். எட்டு வருசமா பார்சல் ஆபீஸ்ல மூட்டை எண்ணிகினு கீறேன். நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

கேசவனுக்கு அந்த வேலை வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

"நான் வேணாம்னாலும் ஃபைல்ல இருக்கிறது இருக்குமே. அது உன் தப்பு இல்ல, ஜாபர்."

கட்டை வாங்குகிறவன், தான் நிற்கும் இடத்திலிருந்து பின்பக்கமாகக் காலடி வைத்து அளந்து தரையில் வெள்ளை நாடா ஒட்டுவான். கொண்டுவருகிறவன் அதைத் தொட்டதும் இவன் பாய வேண்டும். எத்தனை காலடி என்பது இருவரும் மாதக்கணக்கில் ஓடிப் பார்த்து முடிவு செய்வது. அவர்களுக்கு இருபத்தாறு. அதற்கு மேல் தள்ளி ஒட்டினால் வாங்குகிறவன் முன்கூட்டியே பாய்ந்துவிடுவான், கொண்டுவருகிறவனுக்கு எட்டாது.

"ஜகார்த்தாவுல நான் இருபத்தெட்டுல ஒட்டினேன். முழு வேகத்துல வாங்கணும்னு ஆசை. உன்கிட்ட சொல்லலை."

ஜாபர் தரையைப் பார்த்தான்.

"எட்டு வருசமா என் காலைத் திட்டிகினு கீறேன்டா."

"எழுதித் தரேன்."

"எழுதுவே. மொதல்ல வா. அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லு."

இருவரும் பார்க் ஸ்டேஷன் வரை ரயிலில் போனார்கள். விளையாட்டு அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் கேசவன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப எதுக்குப்பா இது? உனக்கு வர்றதை நீயே கெடுத்துக்கறியே?"

கேசவன் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர் படித்தார். பட்டியலில் அவன் பெயரை அடித்தார். ஜாபரை ஒன்றாம் தேதி மைதானத்துக்கு வரச் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் ஜாபர் நின்றான்.

"தையலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னா சொன்னாங்க?"

"உன்கிட்ட சொல்லச் சொன்னா. வருஷா வருஷம்."

ஜாபரின் கை கேசவனின் சட்டைக் காலர் வரை வந்தது. பிறகு இறங்கியது.

"அவங்களுக்கோசரம் வுட்டுட்டுப் போறேன்," என்று சொல்லிப் படியிறங்கிப் போனான்.

அடித்திருக்கலாம் என்று கேசவனுக்குத் தோன்றியது. ஒன்பது மாதத்தில் அவன் வேண்டுமென்று நினைத்தது அது ஒன்றுதான்.