கத்தி படாத வழி

உப்புத் தண்ணீர்க் களப்புக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு துண்டுப் பற்றைக்காடு இருந்தது. ஒரு பக்கம் இறால் பண்ணையின் மண்மேடு, மறுபக்கம் தென்னந்தோட்டத்தின் முட்கம்பி. இரண்டு வள்ளங்களை அருகருகே இழுத்து வைத்தால் அந்தத் துண்டின் அகலம் நிறைந்துவிடும். களப்பில் மீன் பிடித்துத் தின்னும் புலிப்பூனை, நல்ல தண்ணீர் குடிக்க அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போகும். நீர்நாயும் நரியும் அப்படித்தான். மற்ற இடமெல்லாம் அடைத்தாகிவிட்டது.

மீன் குடல் கொட்டப் போன ஒரு மாலையில் நான் அதைக் கண்டேன். சாம்பல் உடம்பு, கறுப்புப் புள்ளி, குட்டை வால். பின்னால் இரண்டு குட்டிகள். தாய் என்னைப் பார்த்து நின்றது. குட்டிகள் பற்றைக்குள் மறையும்வரை அது அசையவில்லை.

கொழும்பிலிருந்து வந்த சிலர், அது விலங்குகள் போய்வரும் வழி என்று மூன்று மொழியிலும் எழுதிப் பலகை நட்டிருந்தார்கள். அடுத்த மழைக்கு முன்பே அந்தப் பலகை பாக்கியம்மா மாமியின் கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது.

பிறகு, களப்புக்கரைக்கு லொறி வர அந்தத் துண்டை வெட்டி ரோட்டுப் போடுவதென்று மீனவர் சங்கத்தில் முடிவாகியது. சங்கத் தலைவர் மரியநாயகம் மாமா. நாங்கள் பெண்கள் கருவாட்டு வாடியில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கதை வந்தது.

"நல்லதுதான்" என்றா பாக்கியம்மா மாமி. "அந்தப் பூனைச் சனியன் என்ட கோழி ஒண்டையும் விட்டு வைக்கேல்ல."

"ரோட்டுப் போட்டா அதுவும் லொறியில ஏறிச் சிலாபத்துக்குப் போயிரும் மாமி" என்றா அல்பொன்சா அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. கை வேலையில் இருந்து, தலை குனிந்திருந்தால் கொஞ்சம் வரும். நெத்தலியைப் பரப்பிக்கொண்டே சொன்னேன்: "அந்தப் பூனைதானே தலவிலைக் கோயிலுக்கு நடந்து போன பிள்ளைத்தாச்சிக்கு வழி காட்டினது."

"எந்தப் பிள்ளைத்தாச்சி?"

எனக்கே தெரியாது. சொல்லச் சொல்லத்தான் அவள் வந்தாள். புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்துத் தனியாக நடந்து வந்தவள், வழி தவறித் தாகத்தில் விழுந்துவிட்டாள். வாய் நனைந்த புலிப்பூனை ஒன்று அவளுக்கு முன்னால் வந்து நின்றது. வாய் நனைந்திருந்தால் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. அவள் தவழ்ந்து தவழ்ந்து அதன் பின்னால் பற்றைக்குள் போய்க் குளத்தில் குடித்தாள். பிள்ளை சுகமாகப் பிறந்தது. அந்தப் பற்றையில் எவரும் கத்தி வைக்கக்கூடாது என்று அவள் அன்னம்மாளிடம் கேட்டுக்கொண்டாள்.

சொல்லி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஓம், ஓம்" என்றா பாக்கியம்மா மாமி. "என்ட மாமியாரும் இப்பிடி ஒரு கதை சொன்னவ."

அந்த ஞாயிறே கதை கோயில் வாசலுக்குப் போய்விட்டது. மரியநாயகம் மாமாவின் மகள் ஷானிகா அக்காவுக்குக் கரு தங்காமல் இருந்தது. அவ பற்றையின் ஓரத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா. கொஞ்சக் காலத்தில் கரு தங்கியது. மாமா சங்கத்தைக் கூட்டினார். "ரோட்டு வேண்டாம். அந்த இடத்தில கத்தி வைக்கிறதில்ல" என்றார்.

அந்த மாரி முழுவதும் நான் சந்தோசமாக இருந்தேன். குட்டிகளின் காலடி பெரிதாகிக்கொண்டு போவதைச் சேற்றில் பார்த்தேன்.

ஷானிகா அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நேர்த்திக்கடனாக அந்த இடத்தில் அன்னம்மாளுக்குச் சிலை வைத்து ஒரு கெபி கட்டுவதாக மாமா அறிவித்தார். பங்குச் சாமியாருக்கும் சம்மதம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரே சிரமதானத்துக்குத் திரண்டது. ஆண்கள் கத்தியும் மண்வெட்டியுமாக வந்தார்கள். றொமேஷ் அண்ணன், தன் நேர்த்தி என்று சொல்லி, மண் அள்ளும் பெக்கோவைக் காசில்லாமல் கொண்டுவந்தார்.

நான் தேத்தண்ணி வாளியோடு மரியநாயகம் மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, கத்தி படக்கூடாதுதானே."

"அது சும்மா வெட்டுறதுக்குப் புள்ள" என்றார் அவர், அன்பாகத்தான். "இது அன்னம்மாளுக்கு வெட்டுறது. பிள்ளைத்தாச்சிகள் வந்து போற இடத்தைப் பாம்பும் பூரானுமா வைச்சிருக்கலாமா?"

"அந்தக் கதை நான் சொன்னது மாமா. நானாக் கட்டினது. அப்பிடி ஒருத்தரும் வரேல்ல. பூனைக்காகத்தான் சொன்னன்."

அவர் பாக்கியம்மா மாமியைப் பார்த்தார். மாமி கையிலிருந்த விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தா.

"இவ கட்டினாவாம். வகுப்பில எழும்பி வாசிக்கச் சொன்னதுக்குப் பள்ளிக்கூடத்தையே விட்டவ. என்ட மாமியார் சொன்ன கதை அது. போ புள்ள, தேத்தண்ணியை ஊத்து, ஆறுது."

ஊற்றினேன். பெக்கோவின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் களப்பிலிருந்து பார்த்தால் குளம் தெரிந்தது.

இப்போது அங்கே சீமெந்துத் தரையும் சுற்றிவரக் கம்பி வேலியும் இருக்கின்றன. விடியும்வரை லைற் எரிகிறது. அன்னம்மாளின் சுரூபத்துக்குக் கீழே சீமெந்தில் ஒரு புலிப்பூனை. சிலை செய்தவன் அதைக் கண்டதில்லை. மஞ்சள் பூசி, வரி வரியாகக் கீறியிருக்கிறான். அதன் வாயில் குழாய் வைத்துத் தண்ணீர் வரச் செய்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

கொஞ்ச நாள் வேலிக்கு வெளியே, களப்புப் பக்கத்தில், காலடிகள் இருந்தன. கம்பிவரை வந்து திரும்பின. பிறகு ஒரு விடியற்காலை கல்பிட்டி ரோட்டில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. குளத்துக்குச் சுற்றிப் போக அந்த ரோட்டைத்தான் கடக்க வேண்டும். குட்டி என்கிறேன், தாயளவு வளர்ந்திருந்தது. பாக்கியம்மா மாமி தன் துவாயால் அதை மூடி அழுதா. கெபிக்குப் பக்கத்திலேயே புதைக்க வேண்டுமென்று நின்று புதைப்பித்தா. நான் மற்றக் காலடிகளைத் தேடிப் போனேன். அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

போன கிழமை வாடிக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பாக்கியம்மா மாமி என் முதுகில் தட்டினா.

"இவையளுக்கு அந்தக் கதையைச் சொல்லு புள்ள. நீ சொன்னாத்தான் வடிவு."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். பிள்ளைத்தாச்சி விழுந்ததைச் சொன்னேன், நனைந்த வாயைச் சொன்னேன். "பிறகு அவள் பூனைக்குப் பின்னால் பற்றைக்குள்ள தவழ்ந்து..."

"பற்றையா?" என்றா அல்பொன்சா அக்கா. "அங்க எங்க பற்றை? வெட்ட வெளிதானே."

"வெளிதான்" என்றா பாக்கியம்மா மாமி. "என்ட மாமியாரும் வெளி எண்டுதான் சொன்னவ. நீ சொல்லு புள்ள."

புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளியால நடந்து போனாள்" என்றேன்.