ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

வெள்ளிமலையிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தில் எழில்மதி கிளம்பினாள். இருபத்தைந்து வயது. மலையில் அங்கன்வாடி வேலை. அண்ணன் இளஞ்செழியன் கள்ளக்குறிச்சியில் மருத்துவமனையில் கிடந்தான். முந்தைய நாள் கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. மூன்று மணிக்கு அறுவை சிகிச்சை.

அவனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். நேற்றே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ரத்த வங்கியில் ஒரு பை இருந்தது. மருத்துவர் இரண்டு கேட்டார். தொடைக்குள் ரத்தம் கசிகிறது, தள்ளிப்போட முடியாது, ஒரு பையை நம்பித் திறக்கவும் முடியாது என்றார்.

எழில்மதிக்கும் ஓ நெகட்டிவ்தான். பள்ளி அடையாள அட்டையில் அப்படி இருந்தது. அதைப் பார்த்து ஓட்டுநர் உரிமத்தில் ஏறியது. கல்லூரியில் ஒரு தோழி, "நூத்துல ரெண்டு பேருக்குக்கூட இருக்காது" என்றபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். மலையில் இருப்பவளை இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று மாலை அண்ணி விஜயலட்சுமி போனில், உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி டிரைவர் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். பெயர் ஜெயப்பிரகாஷ். ஓ நெகட்டிவ். ஏற்கெனவே நான்கு முறை கொடுத்தவர்.

"அவர எதுக்கு அண்ணி அலைய வுடறீங்க? நான் இருக்கேன்ல" என்றாள் எழில்மதி.

அண்ணி அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பேருந்து முதல் வளைவுக்கு வருவதற்குள் போன் அடித்தது. ரத்த வங்கியிலிருந்து தமிழழகன் என்ற டெக்னீஷியன் பேசினார்.

"இளஞ்செழியன் பேஷண்டோட தங்கச்சிங்களா? எப்ப வருவீங்க?"

"ஒம்போதரைக்கு வந்துடுவேன் சார்."

"குரூப்பு எங்க டெஸ்ட் எடுத்தீங்க?"

"ஸ்கூல் கார்டுல இருக்கு சார். லைசன்ஸ்லயும் இருக்கு."

"அது இருக்கட்டும்மா. ரத்தம் எடுத்து யாராச்சும் பாத்தாங்களா?"

எழில்மதி யோசித்தாள். விரலில் ஊசி குத்திய ஞாபகம் எதுவும் வரவில்லை.

"எதுக்கும் வேற ஆளு ஒருத்தர சொல்லி வைங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். பாப்பாத்தி அண்ணனின் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, எனக்கு எங்க ரத்தம் டெஸ்ட் பண்ணீங்க?"

"இன்னாடி டெஸ்ட்டு?"

"ஸ்கூல் கார்டுல ஓ நெகட்டிவ்னு இருக்கே. யாரு சொன்னது?"

"நாந்தான். டீச்சர் ஃபாரத்த குடுத்து எழுதிக்கினு வரச் சொன்னாங்க. உங்கண்ணனுக்கு டெங்கு வந்தப்ப ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்த சீட்டு வூட்ல இருந்துச்சு. அதையே உனக்கும் போடச் சொன்னேன்."

"அண்ணனோடத எனக்கு எப்படிம்மா போடுவ?"

"ஏன், ஒரே வயித்துப் புள்ளைங்களுக்கு வேற வேற ரத்தமா இருக்கும்? நல்லா கேக்கற."

பேருந்து திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

எழில்மதி பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள். அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு வகை இருக்கலாம் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். தன் அட்டையோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மலை இறங்கியதும் சிக்னல் வந்தது. அண்ணியிடம் நம்பர் மட்டும் வாங்கி லாரி டிரைவரை அழைத்தாள். பின்னால் காற்று இரைந்தது.

"சமயபுரம் டோல் தாண்டிட்டேன்மா. நீங்கதானே நேத்து வேணாம்னீங்க?"

"நாந்தாண்ணே சொன்னேன். என்னுது அந்த குரூப்புதானான்னு இப்ப சந்தேகமா இருக்கு."

"லோடு எறக்கிட்டுத் திரும்ப ஆறு மணி ஆயிடுமே." ஹாரன் அடித்துவிட்டுத் தொடர்ந்தார். "பயப்படாதம்மா. உன்னுது சரியாத்தான் இருக்கும்."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"சும்மாதான் சொன்னேன்."

குழுவில் செய்தி போட்டாள். சேலத்திலிருந்து ஒருவர் நாளைக்கு வருவதாக எழுதினார். எழில்மதி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த பெண் அவளையே பார்த்தாள்.

"யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் இப்பவே அழுவுற? இன்னும் நேரம் இருக்குதில்ல."

மருத்துவமனை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எழில்மதி எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, என்னுது ஓ நெகட்டிவான்னு எனக்குத் தெரியாது."

"நேத்து தெரியும்னியே?"

"நேத்து தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

அண்ணி திரும்பி அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

தமிழழகன் விரலில் குத்தினார். வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றில் மூன்று சொட்டு ரத்தம் வைத்தார். ஒன்றின் மேல் நீல மருந்து, ஒன்றின் மேல் மஞ்சள், ஒன்றின் மேல் நிறமில்லாதது. குச்சியால் கலக்கினார்.

"பால் திரியற மாதிரி திரியும். எது திரியுதோ அத வெச்சு குரூப்பு சொல்லுவோம்" என்றார். ஓட்டை மெல்ல ஆட்டினார்.

எழில்மதி குனிந்து பார்த்தாள். மூன்றும் வழவழவென்று அப்படியே இருந்தன. இன்னும் ஆட்டினார். அப்படியே இருந்தன.

"எதுவுமே திரியலையே சார்."

"திரியக் கூடாது. ஓ நெகட்டிவ்னா ஒண்ணும் ஆவாது."

அண்ணி அவரைக் கும்பிடக் கையெடுத்தாள்.

"இருங்க, இருங்க. நெகட்டிவ்னு வந்தா டியூப்ல இன்னொரு தடவ பாத்துட்டுதான் எழுதுவேன். சில பேருக்கு ஓட்டுல தெரியாது, டியூப்ல தெரியும். ஒரு மணி நேரம் ஆவும். போய் சாப்பிட்டு வாங்க. வெறும் வயித்துல எடுக்க மாட்டேன்."

கேன்டீனில் எழில்மதி மூன்று இட்லிகளைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். அண்ணி டீயை வாங்கி ஆற விட்டாள். திரும்பி வந்து மூடிய கதவின் முன் உட்கார்ந்தார்கள். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது.

"நெகட்டிவ்தான்" என்றார் தமிழழகன். "வாங்க."

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு எழில்மதியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கா இந்த ஆட்டம் ஆடினீங்க?" என்றாள் அம்மா. "நான் அன்னிக்கே சரியாத்தான எழுதச் சொன்னேன்."

"நீ சொன்னது சரிதாம்மா. ஆனா அது சரின்னு உனக்குத் தெரியாது."

"தெரியாமலா அவ்ளோ சரியா சொன்னேன்?"

"ஆமா."

"ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பித்து புடிச்சுப்போச்சு இவளுக்கு" என்று அம்மா அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

கட்டிலில் படுத்திருந்தபோது கீழே பை மெல்ல ஆடி ஆடி நிறைந்தது. எழில்மதிக்கு உடம்பு லேசாகிவிட்டது போல இருந்தது.

"சார், எங்கம்மா எழுதனதும் ஓ நெகட்டிவ். நீங்க எழுதறதும் அதான். இதுல இன்னா வித்தியாசம்?"

"பைக்குள்ள ஒரு வித்தியாசமும் இல்ல." அவர் லேபிளில் எழுதிக்கொண்டிருந்தார். "காலைல ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்னீங்க. இப்பவும் அதையே கேக்கறேன். உங்க குரூப்பு இன்னா?"

"ஓ நெகட்டிவ்."

"எப்படித் தெரியும்?"

"மூணு சொட்டுலயும் திரியல, நானே பாத்தேன். டியூப்லயும் திரியல. நானே பாத்தேன்."

"நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேட்டா?"

"இதையேதான் சொல்லுவேன்."

"அப்ப அழ மாட்டீங்க. அவ்ளோதான். கைய மூடி மூடித் தொறங்க, பை மெதுவா ஏறுது."

மற்ற பரிசோதனைகளும் முடிந்து இரண்டரை மணிக்குப் பை மேலே போனது. மூன்று மணிக்கு அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா ஒவ்வொரு குலதெய்வமாகக் கூப்பிட்டாள். அண்ணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு மருத்துவர் வெளியே வந்தார். பிளேட் வைத்தாகிவிட்டது என்றார். திறந்தபோது எதிர்பார்த்ததைவிட ரத்தம் ஜாஸ்தியாகப் போனது, ரெண்டு பையும் தேவைப்பட்டது என்றார். இனி பயமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வார்டில் இளஞ்செழியன் கண் விழித்திருந்தான். உதடு காய்ந்திருந்தது.

"உன் ரத்தமாமே?"

"ஆமா."

"அதான் பாத்தேன். அது உள்ள வந்ததுலேர்ந்து யாரையாச்சும் திட்டணும்போலவே இருக்கு."

எழில்மதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபாரம் கதையைச் சொன்னாள். ஒரே வயித்துப் புள்ளைங்க என்ற இடம் வந்ததும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். அம்மா முறைத்தாள்.

"சிரிக்காதண்ணா, கால் ஆடுது."

அவன் அடக்கினான். பிறகு அவன் முகம் மாறியது.

"ஏய், அப்ப எனக்கு ஒழுங்கா டெஸ்ட் பண்ணாங்களா?"

"நேத்து பண்ணாங்க. இன்னைக்கு என்னுதோட சேத்து ஒரு தடவ பண்ணாங்க. ரெண்டையும் கேட்டு வெச்சிருக்கேன்."

"சரி" என்றான். கண்ணை மூடினான். சற்று நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தான்.