கல்லின் விலாவில் இரண்டு பெயர்

சூளையைப் பிரித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வெந்த செங்கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். முப்பத்தெட்டுக் கல் பூசணிக்காயைத் தட்டியது போல 'தொம்' என்றது.

எங்கள் லின்சிங் ஊரில் மலையும் இல்லை, பெரிய விளைச்சலும் இல்லை. கால்வாய்தான் எல்லாம். தெற்கிலிருந்து தலைநகருக்கு அரிசி கொண்டுபோகும் படகுகள் எங்கள் மதகில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். அவை காத்துக் கிடந்ததால்தான் இங்கே பஞ்சு மண்டியும் தேயிலை மண்டியும் சத்திரங்களும் முளைத்தன. சூளைகளுக்கும் அதுதான் சோறு. வடக்கே போகிற ஒவ்வொரு படகும் அரண்மனை வேலைக்கு நாற்பது செங்கல் ஏற்றினால்தான் மதகு திறக்கும்.

கல்லின் விலாவில் இரண்டு பெயர் குத்தியிருக்கும். மேலே சூளைக்காரன் பெயர், கீழே மண்ணை அச்சில் அடித்துப் போட்டவன் பெயர். கல் கெட்டுப்போனால் யார் முதுகில் அடிப்பது என்று அதிகாரி தேடி அலைய வேண்டாம், பாருங்கள்! இந்த முப்பத்தெட்டிலும் மேலே ஜியாங் போ என்று இருந்தது. அது நான். கீழே கெங் தே. அவன் மூன்று சூளைகளுக்குக் கூலிக்கு அச்சுப் போடுகிறவன்.

சரியாக வேகாத கல்லை அதிகாரி முன்னால் கொண்டுபோய் உடைக்க வேண்டும், உடைத்துவிட்டு அடியும் வாங்க வேண்டும். எனக்கு அடி என்றாலே குலை நடுங்கும். மூன்று சூளைக்கும் பொதுவான படகுத்துறையில், கால்வாய்க்குள் தள்ளிவிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

"அரிசிப் படகு போற வழி மொதலாளி," என்று கெங் தயங்கினான்.

"ஆழம்தான, ஒண்ணும் ஆகாது. தூக்கு."

"சரி, மீனெல்லாம் வீடு கட்டிக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே தள்ளினான்.

இலையுதிர்காலத்தில் தண்ணீர் வற்றியது. ஒரு படகின் அடிப்பலகை அதே இடத்தில் கிழிந்து அரிசி மூட்டைகள் மூழ்கின. பேரரசரின் அரிசி! உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்க, இரண்டு பக்கமும் அணை போட்டு அந்தப் பகுதியை இறைத்துவிடச் சொன்னார் அதிகாரி. அதைப் போட்டவனுக்குத் தலை போகும் என்று தண்டோரா போட்டார்கள்.

இறைக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் தினமும் ஒரு சாண் இறங்கியது. கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

கெங் என் வாசலுக்கு வந்தான். "மொதலாளி, நாளையிலேருந்து காவல் போடறாங்களாம். இன்னிக்கே எறங்கி பேரச் சொரண்டிருவோம். வேகாத கல்லுதான, சுலபமா வரும்."

"ரெண்டு பேர் எறங்குனா கண்ணுல படும். நீ வீட்டுல இரு. நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு பேரையும் சொரண்டிருவீங்கதான?"

"பின்ன என்னடா!"

விடியற்காலைப் பனிமூட்டத்தில் இறங்கினேன். முழங்கால் தண்ணீர், ஓரத்தில் பனிக்கட்டி. ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து உளியால் சுரண்டினேன். முதலில் எல்லாக் கல்லிலும் என் பெயர், பிறகு திரும்பி வந்து அவன் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். முப்பத்தெட்டாவது கல்லில் என் பெயரைச் சுரண்டி முடித்தபோது கரையில் காவலர்களின் பேச்சுக்குரல் கேட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஆச்சா மொதலாளி?" என்று கெங் கேட்டான். ஆச்சு என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்போதாவது உண்மையைச் சொல்லி, ஊரைவிட்டு ஓடிவிடு என்று சொல்லியிருக்கலாம். ஓடி மாட்டிக்கொண்டால் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து நான்காம் நாள் சேற்றிலிருந்து கற்களைத் தூக்கிக் கரையில் அடுக்கினார்கள். ஊரே கூடியிருந்தது. அதிகாரி ஒரு கல்லைக் கழுவச் சொல்லிக் குனிந்து படித்தார்.

"கெங் தே யாரு?"

கெங் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அணையைப் பார்த்தேன். காவலர்கள் அவனை முன்னால் தள்ளினார்கள்.

"எந்தச் சூளைக்காக அடிச்ச கல்லு இது? மேல இருந்த பேரு எங்க?"

கெங்குக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தப் பெயர் எங்கே இருக்கும் என்று தெரியாமலா இருப்பான்? ஆயிரக்கணக்கில் குத்திய கை அது. சுரண்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு, கீழே முழுசாக இருந்த தன் பெயரைத் தடவினான். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா," என்றான். அந்தக் கனத்த கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தான். "ஜியாங் மொதலாளி படிச்சவரு. மொதலாளி, மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீங்களே பாத்து ஐயாகிட்ட சொல்லுங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறான் என்று புரிந்தது. ஒரு வார்த்தை போதும், பழி இரண்டு பேர் மேலும் விழும். சூளைக்காரன் சொல்லித்தான் செய்தான் என்றால் அவன் உயிராவது தப்பும்.

அதிகாரி காத்திருந்தார். நான் குனிந்து, படிப்பது போலப் பார்த்தேன்.

"தேஞ்சு போயிருக்குங்க ஐயா. ஒண்ணும் தெரியல," என்றேன்.

கெங் கல்லை மெதுவாக என் காலடியில் இறக்கி வைத்தான். பிறகு திரும்பிப் போய், கயிறு வைத்திருந்த காவலனிடம் இரண்டு கைகளையும் நீட்டினான்.