பத்தொன்பதாவது ட்ரே

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மார்மன் கிறிஸ்தவச் சபையில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்து உட்காருகிற பந்தியில் சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு இருந்தாக வேண்டும். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் மேரன் பதினெட்டு அடக்கத்துக்கு அதைச் செய்து கொடுத்துவிட்டாள்.

"ஊர்ல யாராவது மண்டையைப் போட்டாத்தான் நம்ம அடுப்பு எரியுது," என்று அவள் புருஷன் கார்பின் கிண்டல் பண்ணுவான்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது. சபையில் யார் என்ன சமைப்பது என்று பிரித்துக்கொடுக்கிற வெர்லா. யார் வீட்டுச் சாவு என்று பார்க்கிற வழக்கமே அந்த மகராசிக்குக் கிடையாது.

"சிஸ்டர், சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு அடக்கம். வழக்கம்போல உருளைக்கிழங்கு உங்களோடது. ஒரு ட்ரே போதும், கூட்டம் வராது. ஏதோ பச்சைக் குழந்தையாம்."

"யாரோட குழந்தை?" என்று கேட்டாள் மேரன்.

அந்தப் பக்கம் காகிதம் புரண்டது.

"ஐயோ... சிஸ்டர்..."

"பரவால்ல. செஞ்சுடறேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கார்பினுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழங்கு சீவ உட்கார்ந்தான். நாலே நாள் இருந்துவிட்டுப் போன மகளுக்கு முந்தின நாள் அவன்தான் போய்ச் சவப்பெட்டி எடுத்து வந்திருந்தான்.

மேரன் ட்ரேயைக் கழுவி அவன் முன்னால் வைத்தாள். அவன் கை நின்றுவிட்டது.

"பெட்டி இதைவிட ஒரு சாண்தான் பெரிசு, மேரன்," என்றான்.