படகுக்கு வைத்த பெயர்

"வச்ச பேரு வச்சதுதான், அதை மாத்துறதுங்கிற பேச்சே—"

"மாத்தாம? செத்துப்போன கவர்மெண்டோட பேரை எவனாவது படகுக்கு—"

"கவர்மெண்டோட பேரா? 'பத்துத் தீவு'ன்னுதானே வச்சேன்! தீவு எங்கயும் ஓடிப் போகலையே!"

"ஜமைக்கா ஓடிச்சு. டிரினிடாட் ஓடிச்சு. மிச்சத்தையும் மூட்டை கட்டியாச்சுன்னு போன வாரம் ரேடியோல சொல்லிட்டான். உன் படகு ஒண்ணுதான் பாக்கி, காட்ஃப்ரி!"

காட்ஃப்ரி இழைப்புளியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்து வைத்ததுதான். அவன் அப்படிச் செய்தால் மனைவி எர்சிலாவுக்குக் கோபம் பாதியாகிவிடும். அதற்காகவே இன்னும் கத்தினாள்.

"கொடி விரியுற வரைக்கும் படகோட பேரைப் பெத்த தாய்க்கும் சொல்லக்கூடாதுன்னு நம்ம காரியாகூ தீவுல பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீ ரம் கடை மேசை மேல ஏறி நின்னு கத்தின!"

"அன்னிக்கு ஓட்டுப் போட்ட நாளுடி. எல்லாரும்தான் கத்தினாங்க."

அது உண்மை. பத்துத் தீவுகளும் சேர்ந்து ஒரே ஆட்சி என்று ஓட்டுப் போட்ட அந்த வாரம்தான் அவன் படகுக்கு முதல் மரம் வைத்தான். இன்று படகு முடிந்து கரையில் முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது. ஆட்சிதான் இல்லை.

சனிக்கிழமை படகைக் கடலில் இறக்க வேண்டும். கொடியில் பெயரைத் தைப்பது வீட்டுக்காரியின் வேலை. சுருட்டிப் பாய்மரத்தில் ஏற்றிய கொடியைக் கயிறு இழுத்து விரிக்கும்வரை, படகைக் கட்டியவனும் அதைப் பார்க்கக் கூடாது. எர்சிலா எப்போதோ தைத்து முடித்திருந்தாள். அதைப் பிரித்து, டிரினிடாடில் இருக்கும் மகள் பெர்னடின் பெயரைத் தைக்கத்தான் இப்போது துடித்தாள். வடம் இழுக்கப் பக்கத்துத் தீவுகளான யூனியனிலிருந்தும் பெக்வியாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்கள் நடுவில் இவன் கேலிப்பொருளாக நிற்பதை அவளால் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரையிலிருந்து வந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"பெர்னடின் பேரையே தைச்சிடு, எர்சி."

"நெசமாவா?"

"ஏதோ ஒரு பேரு. மிதந்தாப் போதும்."

ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தப் 'போதும்' அவளைக் குத்தியது. மயிரிழை இடைவெளி விட்டதற்காக முழுப் பலகையையும் பெயர்த்துப் போட்டவன் அவன். படகு விஷயத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் படகின் முகப்பில் ஆட்டை அறுத்தார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். கோடாலிகள் முட்டுக்கட்டைகளை வெட்ட, படகு பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தது. யாரோ கயிற்றை இழுக்க, கொடி காற்றில் விரிந்தது. சிவப்பு எழுத்தில், பத்துத் தீவு.

அவள் பயந்தபடியே எல்லோரும் சிரித்தார்கள்.

"காட்ஃப்ரி அண்ணே, கணக்குத் தெரியாதா? எட்டுதான் பாக்கி!" என்றான் யூனியன் தீவுக்காரன்.

"அந்த எட்டுலயும் பாதி, மீதியோட பேசறதில்ல!" என்றான் பெக்வியாக்காரன்.

சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் ஒரே வடத்தைப் பிடித்தார்கள். பறை முழங்கியது. ஊரே சேர்ந்து இழுக்க, படகு மணலைச் சீய்த்துக்கொண்டு நகர்ந்து, தண்ணீரில் விழுந்து, நிமிர்ந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற காட்ஃப்ரி படகைப் பார்க்கவில்லை. நல்ல பாவாடை நனைய அவனிடம் நடந்து வரும் எர்சிலாவைத்தான் பார்த்தான். கண்ணைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவளே தலையில் கட்டியிருந்த துணியால் துடைத்துவிட்டாள்.

"பெர்னடினைப் பார்க்க டிரினிடாடுக்கு இதுல போறப்ப, எந்த நாட்டுப் படகுன்னு துறைமுகத்துல கேப்பானே, என்னய்யா சொல்லுவ?"